தேய்மானத்தின் பக்கம்

சான் பிரான்சிஸ்கோ நகரின் பழைய மீன்பிடித் துறையில், 45ஆம் எண் படகுத்துறையில் இருக்கும் கொட்டகைக்குள், ஒரு மரப்பெட்டியின் பின்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். பெட்டியின் முன்பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு சிறைச்சாலை. காசு போட்டால் அதன் கதவுகள் திறக்கும். தூக்குமேடையில் கைதி நிற்பான், பக்கத்தில் பாதிரியார் நிற்பார். தரைப்பலகை விலகும். கதவுகள் மூடிக்கொள்ளும். சில நொடிகளில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடும்.

பின்பக்கத்தில் கைதியும் இல்லை, பாதிரியாரும் இல்லை. ஒரு தண்டு, அதில் வரிசையாகக் கோத்த உலோகத் தகடுகள். எந்தத் தகடும் முழு வட்டம் அல்ல. ஓரிடத்தில் புடைத்தும் ஓரிடத்தில் பள்ளம் விழுந்தும் வெட்டப்பட்டிருந்தன. பொறியாளர்கள் இதை கேம் என்பார்கள். தண்டு சுழலும்போது தகட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் நெம்புகோல் புடைப்பில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். ஒரு தகடு கதவைத் திறக்கிறது, அடுத்தது பாதிரியாரைத் திருப்புகிறது, இன்னொன்று பலகையை விலக்குகிறது. எது முதலில், எது பிறகு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்த விளிம்புகளில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. முன்பக்கம் கதை, பின்பக்கம் காரணம்.

அவர் ஒரு நெம்புகோலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தகட்டோடு உரசும் இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு குழி. யாரும் அதை வெட்டவில்லை. பல்லாண்டுகளாகக் காசு போட்டவர்கள் ஒவ்வொருவராகத் தேய்த்த குழி அது. ஐந்து நிமிடம் முன்னால் ஒரு காசு போட்டிருந்ததால் எனக்கும் அதில் பங்கு உண்டு. என்னால் தேய்ந்ததைத்தான் அவர் சரிசெய்துகொண்டிருக்கிறார் என்று தோன்றியதும் அங்கிருந்து நகர முடியவில்லை.

அந்தக் கொட்டகையின் பெயர் மியூசே மெக்கானிக். முந்நூறுக்கும் மேற்பட்ட காசு இயந்திரங்கள் அங்கே இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. ‘தொடாதே’ என்ற பலகையோடு வளர்ந்த நமக்கு, தொட்டால்தான் பார்க்க முடியும் என்கிற அருங்காட்சியகம் புதிது. எட்வர்ட் கேலண்ட் ஜெலின்ஸ்கி என்பவர் பதினோரு வயதில், 1933 வாக்கில், சேகரிக்கத் தொடங்கியது இது. 2004இல் அவர் இறந்தார், பிறகு அவருடைய மகன் பொறுப்பேற்றார். நகரின் மேற்குக் கரையில் இருந்த பிளேலேண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா 1972இல் மூடி இடிக்கப்பட்டது. அதன் அருகே இருந்த சூட்ரோ குளியலகம் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1966இல், எரிந்து போயிருந்தது. அந்த இரண்டு இடங்களிலிருந்தும் தப்பிய சில பொருட்கள் இந்தச் சேகரிப்பில் வந்து சேர்ந்தன. கடலோரத்தில் கிளிஃப் ஹவுஸ் கட்டடத்தின் அடித்தளத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 2002இல் சேகரிப்பு மொத்தமும் படகுத்துறைக்கு இடம் மாறியது. 2020 மே 23 அதிகாலையில் அதே துறையில் பெரும் தீ. மீனவர்களின் வலைகளும் கூடைகளும் வைத்திருந்த கொட்டகை அழிந்தது. இயந்திரங்கள் இருந்த கொட்டகை தப்பியது.

வாசலில் ‘லாஃபிங் சால்’ நிற்கிறாள். ஆளுயரத்தை மிஞ்சிய காகிதக்கூழ் பொம்மை, முன்பல் ஒன்று இல்லை. 1930களில் பிலடெல்பியா டொபோகன் நிறுவனம் கேளிக்கைப் பூங்காக்களுக்கு அனுப்பிய பொம்மைகளில் ஒருத்தி. காசு போட்டால் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, ஒலித்தட்டில் பதிந்த குரலில் அடக்க முடியாமல் சிரிக்கிறாள். சின்னப் பிள்ளைகள் அலறிக்கொண்டு அம்மாவின் கால்களுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். நரைத்த தலைகள் நின்று கேட்கின்றன. பிளேலேண்டின் வாசலில் கேட்ட சிரிப்பு அவர்களுக்கு அது. பூங்கா போய்விட்டது, சிரிப்பு மட்டும் இருக்கிறது.

*

காசு போட்டால் வேலை செய்யும் பொருள் என்ற எண்ணம் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த ஹீரோன், கோயிலில் புனித நீர் வழங்கும் பாத்திரம் ஒன்றை விவரித்திருக்கிறார். காசு ஒரு தட்டில் விழுகிறது, அதன் கனத்தில் நெம்புகோல் சாய்ந்து நீர்வழி திறக்கிறது. தட்டு சாயச் சாயக் காசு வழுக்கி விழுந்துவிட, வழி தானாக மூடிக்கொள்கிறது. பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து, 1880களில், லண்டனில் பெர்சிவல் எவரிட் அஞ்சலட்டை விற்கும் இயந்திரத்தையும் எடை பார்க்கும் இயந்திரத்தையும் செய்தபோது அடிப்படை மாறவில்லை. மனிதன் கொடுக்கும் காசின் கனமே இயந்திரத்தை எழுப்புகிறது.

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்று காசு என்பது எண். அட்டையைக் காட்டினால் எங்கேயோ ஒரு கணக்கில் எண் குறைகிறது, வேறொரு கணக்கில் கூடுகிறது. அந்தப் பழைய பெட்டிகளில் காசு என்பது உடம்புள்ள பொருள். விட்டம் சரியாக இருக்க வேண்டும், கனம் சரியாக இருக்க வேண்டும். இரும்பு வாஷரைக் காசு என்று ஏமாற்றிப் போடுபவர்களைப் பிடிக்க வழியில் காந்தம் வைத்தார்கள். இவ்வளவு சோதனைகளையும் தாண்டி விழுந்த காசு ஒரு கொக்கியை விடுவிக்கிறது. வில்லில் அடைபட்டிருந்த விசை அவிழ்கிறது.

சில இயந்திரங்களில் காசு வழியை மட்டும் திறக்கும், மீதி வேலை நம் கையில்தான். மியூட்டோஸ்கோப் அப்படிப்பட்டது. ஹெர்மன் காஸ்லர் 1890களின் நடுவில் அமெரிக்காவில் உருவாக்கியது. சுமார் 850 அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு புகைப்படம், எல்லாம் ஒரு உருளையைச் சுற்றிப் பூவிதழ் போல அடுக்கப்பட்டிருக்கும். கண்ணை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து விழ, படம் அசையும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் காட்சிதான். ஆனால் அந்த நிமிடம் பார்ப்பவனுடையது. மெதுவாகச் சுற்றினால் படத்துப் பெண் மெதுவாக நடப்பாள், நிறுத்தினால் தூக்கிய காலோடு நிற்பாள். திரையரங்கில் நாம் படத்தின் வேகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். இங்கே படம் நம் மணிக்கட்டுக்குக் கட்டுப்பட்டது. நம் ஊர்த் திருவிழாக்களில் பயாஸ்கோப் பெட்டியின் துளையில் கண்ணை ஒட்டவைத்தவர்களுக்கு இந்த நெருக்கம் புரியும். அங்கே கைப்பிடி பெட்டிக்காரரிடம் இருக்கும், இங்கே நம்மிடம் இருக்கிறது.

*

காசின் உடம்பை நம்பிய இயந்திரத்துக்குக் காசு மாறினால் என்ன ஆகும்? 1971 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது. அதுவரை ஒரு பவுண்டுக்கு 240 பென்னி, அன்று முதல் 100. பழைய பென்னியின் விட்டம் 30.8 மில்லிமீட்டர், எடை 9.4 கிராம். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும் வெண்கலத் தட்டு. புதிய பென்னி 20.3 மில்லிமீட்டர், நான்கு கிராமுக்கும் குறைவு. அந்த ஆண்டு ஆகஸ்ட் முடிவோடு பழைய பென்னி செல்லாததாகிவிட்டது.

பிரிட்டனின் கடற்கரை ஊர்களில், கடலுக்குள் நீளும் மரப்பாலங்களின்மேல் நின்றிருந்த பென்னி இயந்திரங்கள் பெரிய காசுக்குப் பழகியவை. குண்டு உருட்டும் சுவர்ப்பெட்டிகள், குறி சொல்லும் கிழவிகள், பேய் வீடுகள், தூக்குமேடைகள். புதுக்காசுக்கு மாற்றியமைக்கும் செலவு பலவற்றுக்குக் கட்டுப்படியாகவில்லை. உடைத்து விறகாக்கினார்கள், இரும்புக்குப் போட்டார்கள், கொல்லையில் தள்ளினார்கள். அப்போது சிலர் வண்டியோடு போய் வாங்கி வந்தார்கள். ஒரு தலைமுறை சேகரிப்பாளர்கள் அந்தக் குப்பைமேட்டிலிருந்துதான் பிறந்தார்கள்.

அவர்கள் வாங்கியது இயந்திரங்களை மட்டுமல்ல, மூட்டை மூட்டையாகச் செல்லாத பென்னிகளையும்தான். காசு இல்லாமல் பெட்டி விழிக்காது அல்லவா? சோமர்செட்டில் வூக்கி ஹோல் குகையை ஒட்டிய பழைய பென்னிக் கூடத்தில் இன்றைய பணத்தைக் கொடுத்துப் பழைய பென்னி வாங்கிக்கொண்டுதான் விளையாட வேண்டும். அரசாங்கம் செத்ததாக அறிவித்த காசு அந்தச் சுவர்களுக்குள் மட்டும் உயிரோடு புழங்குகிறது. பெட்டியிலிருந்து கல்லாவுக்கு, கல்லாவிலிருந்து கைக்கு, கையிலிருந்து மறுபடி பெட்டிக்கு. ஒரு சேகரிப்பு தன் சொந்த நாணயத்தைத் தானே புழக்கத்தில் வைத்திருக்கிறது.

காசு மாற்றம் மட்டுமே இயந்திரங்களைக் கொன்றது என்று சொல்ல முடியாது. நியூயார்க் நகரில் 1942இல் பின்பால் விளையாட்டைச் சூதாட்டம் என்று தடைசெய்தார்கள். மேயர் லா கார்டியா கையில் சம்மட்டியோடு இயந்திரங்களை உடைக்கும் புகைப்படங்கள் இருக்கின்றன. 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகரமன்றக் குழுவின் முன்னால் ஒரு பின்பால் மேசையில் விளையாடி, குண்டு எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி அனுப்பிக் காட்டிய பிறகுதான் தடை நீங்கியது. இது அதிர்ஷ்டம் அல்ல, கைத்திறமை என்பதை நிரூபிக்க ஒரு மனிதனின் கை வேண்டியிருந்தது. நிரூபணம் வருவதற்கு 34 ஆண்டுகள் முன்பே பெட்டிகள் நொறுங்கிவிட்டன. தப்பியவை தப்பின.

*

என் தாத்தா வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றுபோனபோது அதைப் பார்க்க வந்த கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. “ஓடற கடியாரத்துக்குத்தான் தம்பி ஆயுசு. நிறுத்தி வச்சா எண்ணெய் பிசினாயிடும். அப்புறம் சாவி குடுத்தீங்கன்னா பல்சக்கரம்தான் ஒடையும்.”

சேகரிப்பாளரின் தர்மசங்கடம் முழுவதும் இந்தச் சொல்லில் இருக்கிறது. நாணயத்தையும் தபால்தலையையும் பெட்டியில் பூட்டி வைத்தால் அவை அப்படியே இருக்கும். இயந்திரத்தைப் பூட்டி வைத்தால் அது சாகத் தொடங்குகிறது. எண்ணெய் இறுகுகிறது. தோல் வார் வெடிக்கிறது. பொம்மையின் உடுப்பை எலியும் பூச்சியும் தின்கின்றன, மரத்தைச் செல் அரிக்கிறது. துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களில் ஈயம் போன்ற கலப்பு சிறிதளவு இருந்தாலும் போதும், உள்ளிருந்தே விரிசல் விட்டுப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடுகின்றன. சரி, ஓட விடலாம் என்றால், ஓடும் ஒவ்வொரு முறையும் தேய்கிறது. மியூட்டோஸ்கோப்பின் அட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வளைகிறது, என்றாவது ஒரு நாள் மடிப்பில் முறிகிறது. உதிரிபாகம் கடையில் கிடைக்காது. செய்த நிறுவனம் மூடிப் பல தலைமுறை ஆகியிருக்கும். லேத்தில் கடைந்து, அரம் போட்டு, பொருத்திப் பார்த்து, மறுபடி அரம் போட்டுத்தான் தீர வேண்டும்.

துரு, தேய்மானம் என்ற இரண்டு சாவுகளுக்கு நடுவில் நிற்கிறது இயந்திரம். பூட்டி வைப்பவர் துருவைத் தேர்ந்தெடுக்கிறார். காசு போட விடுபவர் தேய்மானத்தைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டும் சமம் அல்ல என்பது என் முடிவு. துருப்பிடித்த பெட்டி யாருக்கும் எதுவும் கொடுக்காமல் போகிறது. தேய்ந்த பெட்டி ஒவ்வொரு முறை தேய்ந்தபோதும் ஒருவரைச் சிரிக்கவோ திகைக்கவோ வைத்திருக்கிறது. அதோடு, தேய்ந்ததைச் சரிசெய்யக் கற்ற ஒரு கையை வளர்த்திருக்கிறது. பூட்டிய அறையில் அந்தக் கை வளராது. திருவாரூர் ஆழித்தேர் ஆண்டுக்கணக்கில் நிலையிலேயே நின்றிருந்து 1970இல் மறுபடி ஓடியபோது, திரும்பி வந்தது தேர் மட்டுமல்ல, முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்களும் வடம் பிடிக்கும் ஊரும்தான். ஓடுவது நின்றால் ஓட்டத் தெரிந்தவர்களும் மறைந்துவிடுகிறார்கள்.

இதனால்தான் இந்த இயந்திரங்கள் தனியார் வரவேற்பறைக்குள் போவது எனக்கு உறுத்துகிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், வர்ஜினியா சிட்டி என்ற பழைய தங்கச்சுரங்க ஊரில், குரலால் குறி சொல்லும் பொம்மை ஒன்று இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த மிக அரிய பொருள். மாயவித்தைக் கலைஞர் டேவிட் காப்பர்ஃபீல்ட் அதை விலைக்குக் கேட்டார். அவரும் இத்தகைய பொருட்களின்மேல் உண்மையான பிரியம் கொண்டவர்தான். ஆனாலும் மாநிலம் விற்க மறுத்தது. சரியான மறுப்பு அது. சந்தையில் நின்று ஊரே காசு போட்ட பொருள் ஊருக்கு உரியது.

*

ஊரின் சொத்து என்றால் ஊரின் அழுக்கும் சேர்ந்துதான் வரும். மியூசே மெக்கானிக்கில் ஓர் அபினிக் கூடம் இருக்கிறது. கண்ணாடிக்குள் சீனர்களைப் போதையில் கிடப்பவர்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள். 1882இல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைச் சட்டம் போட்டுத் தடுத்து, 1943 வரை அந்தச் சட்டத்தை வைத்திருந்த நாடு அது. சான் பிரான்சிஸ்கோவில் சீனர்கள் பட்ட பாடு தனி வரலாறு. அந்தப் பெட்டியில் காசு போட்டவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். தூக்குமேடை முன்னாலும் அதே கூட்டம்தான் நின்றது.

இதை என்ன செய்வது? அழித்துவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்தால் சிரிப்பு தொடரும். இரண்டுக்கும் நான் உடன்பட மாட்டேன். பெட்டி இருக்க வேண்டும். அதை யார் செய்தார்கள், யார் சிரித்தார்கள், யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்ற நாலு வரி பக்கத்தில் இருக்க வேண்டும். புத்தகங்கள் ஒரு காலத்தின் படித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைச் சொல்கின்றன. வாரக்கூலி வாங்கிய கையோடு கடற்கரைக்கு வந்தவர்கள் எதற்குக் காசு கொடுத்தார்கள் என்பதை இந்தப் பெட்டிகள் சொல்கின்றன. அந்தச் சாட்சியத்தை மெருகேற்றி நல்லதாக்கிக் காட்டும் உரிமை சேகரிப்பாளருக்கு இல்லை.

இவை வெறும் முடிந்த கதையும் அல்ல. பேக்-மேன் வீடியோ விளையாட்டை 1980இல் வெளியிட்ட நாம்கோ நிறுவனத்தின் தொடக்கம், மசாயா நகமுரா 1955இல் யோகோஹாமாவில் ஒரு பல்பொருள் அங்காடியின் மொட்டைமாடியில் நிறுத்திய இரண்டு ஆடும் குதிரைகள். திரைக்குள் ஓடும் உருவங்களுக்கு முன்னோர் இரும்பும் மரமும்தான். இங்கிலாந்தில் டிம் ஹன்கின் என்ற பொறியாளரும் ஓவியரும் சவுத்வோல்ட் கடற்பாலத்திலும், 2015 முதல் லண்டனிலும், தானே புதிதாகச் செய்த காசு இயந்திரங்களை வைத்து நடத்துகிறார். வங்கிக்காரர்களின் தலையில் அடிக்கும் விளையாட்டும் அவற்றில் ஒன்று. பழையதை ஓட்டத் தெரிந்தவரால்தான் புதியதைச் செய்ய முடிந்தது. பாதுகாப்பின் பயன் இதைவிட வேறென்ன?

*

ஊர் திரும்பியபின் ஒரு காரியத்துக்காக ரயில் நிலையம் போனேன். நடைமேடையில் கண் தானாக ஒன்றைத் தேடியது. எடை பார்க்கும் மெஷின். ஆளுயர இரும்புப் பெட்டி, கண்ணாடிக்குப் பின்னால் மினுக்கும் வண்ண விளக்குகள், சுழலும் வட்டம். மேடைமேல் ஏறி நின்றதும் வட்டம் ஆடி அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் காசு போட்டால் எடை தப்பாகிவிடும் என்று அப்பா தோளைப் பிடித்துக்கொள்வார். காசு விழும். உள்ளே கடகடவென்று ஓர் உருட்டல். பழைய ரயில் டிக்கெட் அளவில் தடித்த அட்டை ஒன்று கிண்ணத்தில் வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஒரு நடிகரின் முகமோ வருங்காலம் பற்றி ஒரு வரியோ. எங்கள் வகுப்பில் அந்த அட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் உண்டு. அட்டையைச் சேர்த்தோம், அதைத் துப்பிய இயந்திரத்தைச் சேர்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

எவரிட்டின் எடை இயந்திரமும் இதுவும் ஒரே வம்சம். பிரிட்டனுக்கு 1971 போல நமக்கும் காசுகள் செத்த நாட்கள் உண்டு. 1957 ஏப்ரல் 1இல் அணா போய் நயா பைசா வந்தது. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாமல் போயின. ஒவ்வொரு முறையும் சில பெட்டிகளின் துளை அர்த்தம் இழந்திருக்கும். நான் போன நிலையத்தில் மெஷின் நின்றிருந்த இடத்தில் தரையில் நான்கு போல்ட் துளைகள் மட்டும் இருந்தன. நம்மை எல்லாம் எடைபோட்ட இயந்திரம் கடைசியில் எடைக்குப் போயிருக்கிறது.

எல்லாம் போயிருக்காது. சினிமா கொட்டகையின் படிக்கட்டுக்கு அடியில், மூடிய ஹோட்டலின் பின்கட்டில், காயலான்கடையின் உள்மூலையில் எங்கேயாவது ஒன்று நின்றுகொண்டிருக்கும். கண்ணில் பட்டால் தயவுசெய்து இரும்பு விலைக்குப் போக விடாதீர்கள். வாங்குங்கள். முடியாவிட்டால் வாங்கக்கூடிய ஒருவரிடம், ஒரு பள்ளியிடம், ஒரு நூலகத்திடம் சொல்லுங்கள். பின்பலகையைக் கழற்றத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்காரரையும் கழற்றுவதைப் பார்க்க ஒரு பிள்ளையையும் கூட்டி வாருங்கள். பழைய காசுகள் ஒரு பை நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபடி ஓடத் தொடங்கியதும் அதை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பூட்டாதீர்கள். நாலு பேர் ஏறி நிற்கும் இடத்தில் வையுங்கள், தேயட்டும்.